நூற்று அறுபத்து நாலு டிகிரி

மாதம் நூற்றுப் பதினெட்டு டொலர்.
இருநூற்றுச் சொச்சம் சனல்.
அதில் நாங்கள் பார்த்தது ஐந்து,
அந்த ஐந்திலும் இரண்டில் ஒரே செய்தி.

கேபிளை வெட்டச் சொல்லி எடுத்த போனில்
நாற்பது நிமிடம் இசை,
பிறகு ஒரு பெடியன்.
'உங்களை இழக்க எங்களுக்கு விருப்பமில்லை' என்றான்.
பத்தொன்பது வருடத்தில் சாருமதிகூட
இப்படிச் சொன்னதில்லை.
உருளைக்கிழங்குத் தோல் சீவியபடி
ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள்
'பாதி விலைக்குத் தருவானோ எண்டு கேளுங்கோ' என்றாள்.
தருவானாம். ஆறு மாதத்துக்கு.
ஏழாம் மாதம்?
மறுபடியும் இசை.

ஸ்காபரோவில் எங்கள் வீதியில்
கூரையில் அன்ரெனா வைத்த வீடு இது ஒன்றுதான்.
ஏணி பக்கத்து வீட்டு டெஸ்மண்டுடையது.
திசைகாட்டி போனில்.
தென்கிழக்கு என்றால் போதாது,
நூற்று அறுபத்து நாலு டிகிரி.
கொஞ்சம் பிசகினால் வெறும் ஏரி.

'இப்ப?'
'இல்லை.'
'இப்ப?'
'வந்தது. போட்டுது.'
'என்ன வந்தது?'
'ஆரோ ஒருத்தி. அரைவாசி முகம்.'
'இப்ப?'
'ஐயோ, கையை எடுக்காதேங்கோ!'

எடுக்காமல் நின்றேன்.
ஒக்டோபர் காற்று ஜக்கெட்டுக்குள் புகுந்து
விலா எலும்புகளை எண்ணிப் பார்த்தது.
யாரென்றே தெரியாத ஒருத்தியின் முகம்
கலையக் கூடாதென்று
பத்து நிமிடம்
நானும் ஒரு கம்பியாக இருந்தேன்.

இறங்கி வந்து பார்த்தால், பஃபலோ.
ஏரிக்கு அந்தக் கரை. அமெரிக்கா.
அவள் வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள்
ஃபாரன்ஹீட்டில்.

அந்தக் கரைக்கு ஒருமுறை போயிருக்கிறேன்.
போயிருக்கிறேன் என்றால்
பாலம் முடியும் இடம் வரைக்கும்.
சின்னம்மாவின் மகன் கேதாரனுக்குக் கல்யாணம்.
பின்சீட்டில் பலகாரப் பெட்டி,
மடிப்புக் கலையாத வேட்டி.
ஜன்னலில்லாத அறையில் நாலு மணித்தியாலம்.
என் பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்த்தார்கள்.
மூன்றிலும் யாரோ ஒருவன்
எங்கேயோ ஏதோ செய்திருந்தான்.
திரும்பும் வழியில் நயாகராவில் காரை நிறுத்தி
பயற்றம் பணியாரம் முழுவதையும்
நாங்கள் இரண்டு பேருமே தின்று முடித்தோம்.
அருவியைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த ஊர்
ஒவ்வோர் இரவும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறது.
அதன் தொலைந்த நாய்கள் எனக்குத் தெரியும்.
கார் மோதினால் அழைக்க வேண்டிய சட்டத்தரணியின்
எண் மனப்பாடம்.
எந்தப் பள்ளிக்கூடம் நாளைக்குப் பூட்டு,
வெள்ளிக்கிழமை எந்தச் சேர்ச்சில் பொரித்த மீன்,
எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் பனி.

கேதாரனுக்கு நான்தான் போன் எடுத்துச் சொல்கிறேன்:
'மத்தியானத்துக்கு முதல் வெளிக்கிடாதை,
நெடுஞ்சாலையைப் பூட்டப் போறாங்கள்.'
'உங்களுக்கு எப்பிடி அண்ணை தெரியும்?'
'கூரையில கேட்டனான்.'

மே மாதம் டெஸ்மண்டின் மேப்பிளில் இலை வந்தது.
ஏழு புள்ளி ஒன்று
சதுரம் சதுரமாக உடைந்து,
வானிலைக்காரி வாய் திறந்தபடி உறைந்தாள்.
கிளையை வெட்டச் சொல்லிக் கேட்கலாம்.
ஏணியும் அவனுடையது.
இலையுதிரும்வரை பொறுப்போம் என்றேன்.
'அதுவரைக்கும் அவளுக்கு வாய் நோகாதோ' என்றாள் சாருமதி.

நேற்று கேபிள்காரனின் கடிதம்,
தங்க நிற எழுத்தில்:
திரும்பி வாருங்கள், உங்களுக்காகக் கதவு திறந்தே இருக்கிறது.
சிரித்துச் சிரித்து
அதன் பின்பக்கத்தில் சாமான் எழுதினாள்:
வெங்காயம், பால், பெருஞ்சீரகம்,
அன்ரெனா ஆடுது,
முக்கால் அங்குல நட்டு ஒன்று.